வரி விளம்பரத்தில் இல்லாத வரிகள்

அமெரிக்காவில் வசித்துக்கொண்டு, அந்நாட்டுப் பழைய கார் ஒன்றைக் கைக்கு அடக்கமான விலையில் வாங்க எண்ணி, வரி விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: 1965ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் மீது எனக்கு நெடுநாள் ஆசை. கையில் 12,000 டாலர் இருக்கிறது. ஆறு மாதமாக ஒவ்வோர் இரவும் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் விளம்பர இணையதளத்தில் தேடுகிறேன். இந்தத் தொகைக்குக் கிடைக்குமா? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: மஸ்டாங் கிடைக்கும், நீங்கள் மனக்கண்ணில் ஓட்டிக்கொண்டிருக்கும் மஸ்டாங் கிடைக்காது. கூரை பின்புறம் வரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக், கூரையை மடித்துவிடும் கன்வர்ட்டிபிள், எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் ஆகிய மூன்றையும் எல்லோரும் தேடுவதால், நல்ல நிலையில் உள்ளவை உங்கள் வரம்பைத் தாண்டியே நிற்கும். உங்கள் தொகைக்குள் ஓடும் நிலையில் எதிர்பார்க்கக்கூடியது, மடியாத தகட்டுக் கூரை கொண்ட ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப். அதை மட்டமாக எண்ண வேண்டாம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானபோது ஊரெல்லாம் பேசப்பட்ட 2,368 டாலர் விலை அந்த ஆறு சிலிண்டர் வண்டிக்கு உரியதுதான். முதல் 12 மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்த வண்டி என்பதால் உதிரி பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

வி-8 என்று விளம்பரம் சொன்னால், படத்தில் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1965, 1966 ஆண்டுகளின் மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்துக்கு நான்கு நட்டுகள். வி-8 வண்டிக்கு ஐந்து. நான்கு நட்டுச் சக்கரத்தின் மேல் வி-8 எஞ்சின் உட்கார்ந்திருந்தால், எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுச் சிறிய பிரேக்கையும் பின் அச்சையும் யாரோ அப்படியே விட்டுவிட்டார்கள் என்று பொருள். அடுத்து, வண்டியின் அடையாள எண்ணைக் கேளுங்கள். 1965 மஸ்டாங்கில் அதன் முதல் எழுத்து 5. அடுத்த எழுத்து ஆலையைக் குறிக்கும். அதற்கடுத்த 07 ஹார்ட்டாப், 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவதாக வருவது எஞ்சினின் குறி. கதவில் இந்த எண்ணைத் தாங்கிய தகட்டைப் புதிதாகச் செய்து ஒட்டிவிட முடியுமாதலால், பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உட்தகட்டில் அச்சாகியிருக்கும் எண்ணின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போவதற்கான துளைகள் இருக்கும். அதில் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால், துளைகளுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு முன்பகுதியையே பிரிக்க வேண்டும். எஞ்சினைப் பழுதுபார்ப்பதைவிட அது பெரிய வேலை. இதையெல்லாம் விற்பவரின் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் அதுவும் ஒரு விடைதான்.

மஸ்டாங்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அது எந்த வண்டியின் அடித்தளத்தின் மேல் எழுந்ததோ அந்த ஃபோர்ட் ஃபால்கனைத் தேடுங்கள். நான்கு கதவு செடான் என்றால் சேகரிப்பாளர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. விலை இறங்குவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒரே சொற்றொடர்கள் வருகின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது? (ஹியூஸ்டன் வாசகர்)

பதில்: ‘நிறுத்தியபோது நன்றாக ஓடியது’ என்பது அவற்றில் தலையாயது. பத்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்தினார்களா, இருபது ஆண்டுகளுக்கு முன்பா என்பதும், நன்றாக ஓடிய வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்பதும் அந்த வரியில் இல்லை. நீண்ட நாள் அசையாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டுத் தொட்டியில் பிசினாகப் படிந்திருக்கும். பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். அத்தகைய வண்டியை, எஞ்சின் சுற்றுமா சுற்றாதா என்று தெரியாத வண்டிக்கு உரிய விலையில்தான் பேச வேண்டும்.

‘ஏசிக்கு வாயு நிரப்பினால் போதும்’ என்பது அடுத்தது. போதுமென்றால் அவரே நிரப்பியிருப்பார். வாயு குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. மேலும் 1990களின் தொடக்கம் வரை வந்த வண்டிகள் ஆர்-12 என்னும் குளிர்வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றுவிட்டது. உங்கள் ஊர் வெயிலுக்கு ஏசி வேண்டுமென்றால், வேறு வாயுவுக்கு மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘டயர்கள் புதியவை’ என்பதைச் சோதிப்பது எளிது. பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2314 என்று இருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் தேயாமல் இருப்பதால் பார்வைக்குப் புதிதாகத் தெரியும். ரப்பருக்கு வயதாகிவிட்டது என்பதே உண்மை. குறியின் முடிவில் மூன்று இலக்கங்களே இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது. அதன் மேல் வீடு வரை கூட ஓட்டிவராதீர்கள்.

‘அசல் 43,000 மைல்’ என்பதையும் அப்படியே நம்ப முடியாது. பல பழைய வண்டிகளின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999க்குப் பின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 43,000 என்பது 1,43,000 ஆகவும் இருக்கலாம். 2010 அல்லது அதற்கு முந்தைய மாடல்களை விற்பவர் மைல் கணக்கை எழுதி உறுதியளிக்க வேண்டும் என்ற நடுவணரசு விதியும் இப்போது இல்லை. பிரேக் மிதியின் ரப்பரும், ஓட்டுநர் இருக்கையின் கதவோர விளிம்பும் மைல் கணக்கை ஓடோமீட்டரைவிட நேர்மையாகச் சொல்லும்.

சொற்களைவிடப் படங்களை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். மழையில் நனைந்த வண்டியின் படத்தில் மங்கிய பெயிண்ட்கூடப் பளபளக்கும். கோடையில் வந்த விளம்பரத்தில் பனி தெரிந்தால், வண்டி பல மாதங்களாக விலை போகவில்லை, பேரத்துக்கு இடமுண்டு. இருபது படங்கள் போட்டவர் அடிப்பாகத்தை மட்டும் விட்டுவிட்டார் என்றால், நான் முதலில் கேட்பது அந்த இருபத்தோராவது படத்தைத்தான். ஓஹாயோவில் ஒரு முறை அப்படிக் கேட்காமல் மூன்று மணி நேரம் ஓட்டிச் சென்று, கண்ணாடிபோல் மின்னிய ஒரு செவ்ரோலெட்டின் பின்சக்கர வளைவில், துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஓஹாயோ, நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டிகளுக்குத் துரு கூடப்பிறந்தது. அரிசோனா வண்டியில் டாஷ்போர்டு வெடித்து, இருக்கைத் துணி நைந்திருக்கும். இருந்தாலும் தகடு தகடாகவே இருக்கும் என்பதால், வண்டியை லாரியில் ஏற்றிவரும் கூலியைச் சேர்த்துப் பார்த்தாலும் எனக்கு அதுவே இலாபமாகப் படுகிறது.

கேள்வி: 1967 செவ்ரோலெட் செவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) ஒன்று விலைக்கு வந்துள்ளது. அது அசலா என்று அறிய வழி உண்டா? (சிகாகோ வாசகர்)

பதில்: உண்டு. 1966 முதல் 1968 வரை வந்த அசல் செவெல் எஸ்.எஸ். வண்டிகளின் அடையாள எண் 138 என்று தொடங்கும். 136 என்று தொடங்கினால், அது செவெலின் மாலிபு வகை வண்டிக்கு எஸ்.எஸ். சின்னங்களை ஒட்டியது. 1969 முதல் எஸ்.எஸ். தனி மாடலாக இல்லாமல் கூடுதல் விலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாகிவிட்டதால் எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது. ஆலையின் பழைய தாள்கள் வேண்டும். நகல் வண்டி வாங்குவது குற்றமில்லை. நகலுக்கு அசலின் விலையைக் கொடுப்பதுதான் வீண்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பழைய அமெரிக்கக் கார் வாங்க விரும்புகிறேன். அழகு தேவையில்லை, நிற்காமல் ஓட வேண்டும். (கலிஃபோர்னியா வாசகி)

பதில்: ‘3800’ என்று அழைக்கப்படும் வி-6 எஞ்சின் கொண்ட, 2005 வரை வந்த பியூக் லசேபரைத் தேடுங்கள். வயதானவர்கள் விரும்பி வாங்கி, வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டி, சேவை ரசீதுகளை அடுக்கிவைத்த வண்டிகள் இவற்றில் அதிகம். இதற்கு இணையாக, 2011 வரை வந்த மெர்குரி கிராண்ட் மார்க்கீஸ், ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா ஆகியவற்றைச் சொல்லலாம். இவ்விரண்டிலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து 2001 வரை வந்தவற்றில், எஞ்சினுக்குள் காற்றைச் செலுத்தும் நைலான் இன்டேக் மேனிஃபோல்டு வெடித்துக் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் கசியும் குறை பரவலாக இருந்தது. மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். கிரவுன் விக்டோரியாவின் அடையாள எண்ணில் ஐந்து முதல் ஏழு வரையுள்ள இடங்களில் P71 அல்லது P7B என்று இருந்தால் அது காவல்துறையில் பணியாற்றிய வகை. அதன் மைல் கணக்கு குறைவாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிய மணிநேரம் மிக அதிகமாக இருக்கலாம். உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனைச் சான்றை விற்பவர் தர வேண்டும் என்பது விதி. ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் விலை குறைவு’ என்று சொல்பவரின் வண்டி பெரும்பாலும் அந்தச் சோதனையில் தேறாத வண்டி. 1975 வரையிலான மாடல்களுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: விலை பேசி முடித்த பிறகு, டைட்டில் என்னும் உரிமைப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருப்பது தெரிந்தது. அவர் கையெழுத்திட்டு வைத்திருக்கிறார், கவலை வேண்டாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: வேண்டாம். விற்பவர் அந்த வண்டியை வாங்கித் தம் பெயருக்கு மாற்றாமல், வரியையும் கட்டாமல், இடையில் நின்று உங்களுக்குக் கைமாற்றுகிறார். நாளை டைட்டிலில் கோளாறு வந்தால் அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் பெயர் மட்டுமே இருக்கும். அவர் முதலில் தம் பெயருக்கு மாற்றட்டும், அல்லது டைட்டிலில் உள்ளவர் நேரில் வரட்டும். வங்கிக் கடன் பாக்கி டைட்டிலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி ‘சால்வேஜ்’ முத்திரை பெற்றதா என்பதைத் தேசிய டைட்டில் தகவல் அமைப்பின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் பெற்ற முத்திரையை வேறொரு மாநிலத்தில் பதிவு செய்து கழுவிவிடுவது பழைய தந்திரம். இந்தத் தேடல்கள் 17 இலக்க அடையாள எண்ணுக்கு உரியவை; அந்த எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிக்கு மாநில வாகனத் துறையின் அலுவலகத்தை நாடுவதே வழி.

கேள்வி: விலை மிகக் குறைவு, உரிமையாளர் இராணுவப் பணியில் வெளிநாட்டில் இருப்பதால், பணத்தை மூன்றாம் தரப்பிடம் கட்டினால் வண்டி வீட்டுக்கே வரும் என்கிறார் விற்பவர். நம்பலாமா? (அட்லாண்டா வாசகர்)

பதில்: பணம் போகும், வண்டி வராது. வண்டியையும் டைட்டிலையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒரே இடத்தில் பார்த்த பிறகு, வங்கியின் உள்ளேயே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: 1990களின் செவ்ரோலெட் கார்வெட் நல்ல செடானின் விலைக்கே வருகிறதே, ஏன்? (டெட்ராய்ட் வாசகர்)

பதில்: 1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறையை முந்தைய தலைமுறைகள்போலச் சேகரிப்பாளர்கள் கொண்டாடுவதில்லை, எண்ணிக்கையும் அதிகம். உடல் கண்ணாடி இழையால் ஆனது என்பதால் வெளியே துரு தெரியாது. அடியில் உள்ள சட்டம் எஃகு, அதைக் குனிந்து பாருங்கள். 1992 முதல் வந்த எல்.டி.-1 எஞ்சினில் ஆப்டிஸ்பார்க் என்னும், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினின் முன்னால், வாட்டர் பம்புக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள். பம்ப் கசியத் தொடங்கினால் கூலன்ட் நேரே அதன் மேல் சொட்டும். வண்டி துடித்து நிற்கும். பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன், வாட்டர் பம்ப் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.