முகமது இத்ரிஸ் நினைவு நாளை எப்படி நடத்தலாம்?

கேள்வி: பினாங்கில் எங்கள் இளைஞர் மன்றம் மறைந்த சுற்றுச்சூழல் போராளி எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களுக்கு நினைவு நாள் நடத்தப் போகிறது. என்ன செய்யலாம்?

முதலில் பொட்டலச் சாப்பாட்டை விடுங்கள், தம்பி. ஜார்ஜ்டவுனில் ஒரு சுற்றுச்சூழல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் போலிஸ்டிரீன் பெட்டியில் மீகூன் (அரிசி சேமியா), மேலே பிளாஸ்டிக் கரண்டி. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

2019 மே மாதம் 92 வயதில் மறைந்தவர் இத்ரிஸ். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும், 1977-இல் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கும் பல்லாண்டு தலைவர். சந்தையில் நாம் வாங்கும் மீனும் அந்த மீன் வளரும் ஆறும் அவருக்கு ஒரே பிரச்சினைதான். 1970-களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவால் ஜூரு ஆறு கெட்டு, கோலா ஜூரு கிராமத்து மீனவர்களின் பிழைப்பு போனபோது சங்கம் அவர்களோடு நின்றது. அவர்கள் பிறகு சிப்பி வளர்ப்பில் இறங்கினார்கள்.

ஆகவே மண்டபம் எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கோலா ஜூருவுக்கு அழைத்துப் போங்கள். வயதான மீனவர் யாராவது பேசச் சம்மதித்தால், ஆறு எப்போது நாறத் தொடங்கியது, அன்று வலையில் என்ன விழுந்தது என்று கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். பூமாலைக்கு ஒதுக்கிய பணம் வேன் வாடகைக்கு ஆகும். சாப்பாட்டை வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுபோங்கள்.