மொறிஸ் மைனர் முன் புஷ்: றப்பரா பொலியா?

தம்பி, உங்கட மொறிஸ் மைனர் கார் களுவாஞ்சிக்குடி றோட்டுல முன்பக்கம் டக் டக்கெண்டு அடிக்குது, மூட்டுகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற றப்பர் புஷ்ஷுக்குப் பதிலா பொலியூரித்தேன் (றப்பர் மாதிரி ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) புஷ் போடவா எண்டு கேட்டிருந்தீங்க. போடலாம், ஒயில் பட்டாலும் றப்பர் மாதிரி ஊதாது, ஆனா கொஞ்சம் இறுக்கமா ஓடும். அதுக்கு முதல் ட்ரனியனப் பாருங்க (முன்சில்லு திரும்புற கம்பிய மேலயும் கீழயும் புரி போட்டுப் புடிச்சிருக்கிற மூட்டு), அதுதான் உயிர்! ஜக்குல தூக்கி சில்ல மேலயும் கீழயும் புடிச்சி ஆட்டுங்க, ஒராள் பிரேக்க மிதிக்கட்டும், மிதிச்சும் ஆட்டம் நிக்கல்லண்டா பிழை சில்லுப் பெயரிங்ல இல்ல, ட்ரனியன் புரி தேஞ்சிட்டு, கழண்டா சில்லு அப்பிடியே மடங்கிடும், அதோட ஓடவே வேணாம். இடது வலது புரி வேற வேற, மாறி வாங்கிடாதீங்க. கடற்கரைப் பக்கம் எண்டா கறல் கட்டும், கிறீஸ அடிக்கடி அடிங்க. பழையபடி றப்பர்தான் போடுறீங்களெண்டா, வண்டிய நிலத்துல இறக்கி பாரம் ஏறின பிறகுதான் நட்ட முழுசா இறுக்கணும், இல்லாட்டி றப்பர் முறுகிக் கிழிஞ்சிடும்.