ஃபங்ஷனுக்குள் பிரிண்ட் போட்டாலே விடை வந்துவிடுகிறதே, ரிட்டர்ன் எதற்கு?

கேட்டிருப்பவர் முதலாண்டு மாணவர். செல்சியஸைக் கொடுத்தால் ஃபாரன்ஹீட்டாக மாற்றும் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைத் தனியாகச் செய்யும் புரோகிராம் துண்டை, பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி, கடைசி வரியில் பிரிண்ட் போட்டிருக்கிறார். 37 கொடுத்தால் 98.6 என்று சரியாகவே வருகிறது. ஆனாலும் லேபில் மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம்.

நான் ஒரு கல்லூரியில் பல வருடமாகப் பைத்தான் லேப் எடுக்கிறேன். இந்தச் சந்தேகம் வராத செமஸ்டரே கிடையாது. இது ஒன்று தெளிந்துவிட்டால் ஃபங்ஷன் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஃபங்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்துப் பாருங்கள்: ஃபாரன்ஹீட்(39) என்பது 100ஐ விடப் பெரிதாக இருந்தால் ‘காய்ச்சல்’ என்று காட்ட வேண்டும். ஓட்டினால் திரையில் முதலில் 102.2 வரும். அடுத்த நொடியே சிவப்பு எழுத்தில் ஒரு டைப் எரர் வரும். ‘நன்டைப்’பையும் (NoneType, ஒன்றுமில்லாதது) ‘இன்ட்’டையும் (int, முழு எண்) ஒப்பிட முடியாது என்று பைத்தான் சொல்லும். என் மாணவர்கள் இந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். “மேம், 102.2 வந்திருக்கே, அப்புறம் ஏன் எரர்?” என்பார்கள்.

102.2 வந்தது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான். புரோகிராமின் கைக்கு எதுவும் வரவில்லை. சர்க்கரை வாங்கிவரத் தம்பியைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். அவன் வாசலில் நின்று “ஒரு கிலோ வாங்கியாச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தால் காபி எப்படிப் போடுவது? பிரிண்ட் செய்வது அதைத்தான். பொட்டலத்தைக் கையில் கொண்டுவந்து கொடுப்பது ரிட்டர்ன். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷனிலிருந்து ‘நன்’ (None) என்ற வெறுங்கைதான் திரும்பி வரும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை வகுப்பில் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு வரியாக எழுதி உடனே ஓட்டிப் பார்க்கும் ஐடில் ஷெல்லில் ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால், ரிட்டர்ன் செய்த மதிப்பையும் ஷெல்லே திரையில் காட்டிவிடும். அங்கே பிரிண்ட் போட்ட ஃபங்ஷனும் ரிட்டர்ன் போட்ட ஃபங்ஷனும் ஒரே மாதிரி தெரியும். எண்ணுக்குப் பதில் ஒரு பெயரை ரிட்டர்ன் செய்யும் ஃபங்ஷனையும், அதையே பிரிண்ட் செய்யும் ஃபங்ஷனையும் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ரிட்டர்ன் ஆன பெயர் மேற்கோள் குறிகளோடு வரும், பிரிண்ட் ஆனது குறி இல்லாமல் வரும். அதே வரியை ஃபைலில் எழுதி ஓட்டினால், ரிட்டர்ன் செய்தது திரையில் வரவே வராது.

ரிட்டர்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த வரி ஓடிய உடனே ஃபங்ஷன் முடிந்துவிடும். போன வாரம் ஒரு மாணவி 10, 20, 30 மூன்றையும் கூட்ட ஃபங்ஷன் எழுதியிருந்தாள். விடை 10 என்று வந்தது. அரை மணி நேரம் தேடியிருக்கிறாள். ரிட்டர்ன் வரி நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி, எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டும் ஃபார் லூப்புக்குள் உட்கார்ந்திருந்தது. முதல் சுற்றிலேயே 10ஐத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. லூப்புக்கு நேராக இழுத்தவுடன் 60. மற்ற எல்லா வரியும் சரியாகத்தான் எழுதியிருந்தாள், அந்த நான்கு ஸ்பேஸ்தான்!

கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியிலேயே, ஒரு வேலையைத் தனியாக எழுதி வைத்து வேண்டும்போது அழைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அடிக்கடி தேவைப்படும் சிறு கணக்குகளைக் காகித நாடாவில் துளையிட்டு, நூலகம் மாதிரி சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பிவர டேவிட் வீலர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணக்கில் பயன்பட வேண்டுமென்றால், விடை அவருடைய கணக்குக்குள் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

லீப் வருட ஃபங்ஷனும் இப்படித்தான். ‘லீப் வருடம்’ என்று உள்ளேயே பிரிண்ட் போட்டுவிட்டால், பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று கணக்கிடும் அடுத்த ஃபங்ஷனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று ரிட்டர்ன் செய்தால் அப்படியே எடுத்துக்கொள்ளும். அதை எழுதும்போது 2024ஐ மட்டும் போட்டுப் பார்த்து விட்டுவிடாதீர்கள். 1900 லீப் வருடம் இல்லை, 2000 லீப் வருடம். இந்த இரண்டையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் ஃபங்ஷனுக்கு வருவோம். பிரிண்ட்டை எடுத்துவிட்டு அங்கே ரிட்டர்ன் போடுங்கள். திரையில் காட்டும் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் ரஃப் நோட்டில் மூன்று விடைகளை எழுதி வையுங்கள்: 0க்கு 32, 100க்கு 212, -40க்கு -40. இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் ஒரே இடம் அந்த -40. அடைப்புக்குறியைத் தப்பான இடத்தில் போட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். திரையில் 32.0 என்று வந்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம். பைத்தான் 3இல் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமப் புள்ளியோடுதான் வரும்.