பதிவேட்டில் இடமில்லாத வாக்கியம்

கேள்வி: நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றைச் சேர்ந்தவன். 1993இல் பொலிஸ் சேவையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் பகுதிகளில் 29 வருடங்கள் கடமையாற்றி, சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். தமிழில் சொல்லப்பட்ட வாக்குமூலங்களைச் சிங்களத்தில் எழுதுவதே என் வேலையில் பெரும்பகுதி. அனுபவங்களைப் புத்தகமாக்கும் ஆசையில் நாற்பது பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஆசிரியையாக இருக்கும் என் மகள் வாசித்துவிட்டு, "அப்பா, இது முறைப்பாட்டுப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றாள். ஓரிடத்தில் மட்டும் அழுதாள். சுனாமி நாட்களில், இறந்த மகனை அடையாளம் காட்ட வந்த ஒரு தாய், "அவன் விடியச் சாப்பிடாமப் போனவன், அதையும் எழுதுங்க மனே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதை எழுத இடம் இல்லை என்பதால் நான் எழுதவில்லை. பொலிஸ்காரன் எழுதிய புத்தகத்தை நமது மக்கள் வாசிப்பார்களா? உண்மைப் பெயர்களைப் போடலாமா? நாவலாக எழுதுவதா, சுயசரிதையாக எழுதுவதா?
— ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட், அம்பாறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் அந்தத் தாயின் வாக்கியத்தைப் படித்த பிறகு, மற்ற மூன்று கேள்விகளுக்குப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இலங்கையில் சுனாமிக்கு அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது உங்கள் மாவட்டம். மருதமுனையிலிருந்து காரைதீவு வரையிலான கரையில் அந்த நாட்களில் உடல்களை வரிசைப்படுத்திப் பெயர், வயது, கிராமம், அடையாளம் காட்டியவர் என்று எழுதிக்கொண்டே போனவர்களுள் நீங்களும் ஒருவர் என்பது எனக்குப் புரிகிறது. அவ்வளவையும் எழுதிய கை, ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டது. இருபது வருடங்களுக்குப் பிறகும் அந்த ஒரு வாக்கியம்தான் உங்களுடன் இருக்கிறது. மகளை அழவைத்ததும் அதுதான். நீங்கள் எழுத வேண்டிய புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். பதிவேட்டில் ஏறியதை விடுங்கள், ஐயா. அதில் ஏறாமல் உங்கள் காதோடு நின்றுபோனதை எழுதுங்கள்.

உங்கள் மகள் சொன்னதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரம், இடம், ஆள், சம்பவம் என்ற ஒழுங்கில் எழுதுவதற்கு 29 வருடங்கள் பழகிய கை உங்களுடையது. சாதாரண எழுத்தாளர்களுக்கு வாய்க்காத ஞாபகத் துல்லியத்தை அந்தப் பழக்கம் உங்களுக்குத் தந்திருக்கும். ஆனால் அதே பழக்கம் ஒன்றை மறைத்தும்விடுகிறது. "சந்தேகநபர் கைது செய்யப்பட்டார்", "வீடு சோதனையிடப்பட்டது", "வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது" என்று எழுதும்போது யார் கைது செய்தார், யார் வீட்டுக்குள் நுழைந்தார், யார் எழுதினார் என்பது வாக்கியத்திலிருந்தே காணாமற்போகிறது. நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம், வாசகருக்குப் போதாது. உங்கள் நாற்பது பக்கங்களையும் ஒரு பேனாவோடு மறுபடி வாசித்து, "பட்டது", "பட்டார்" என்று முடியும் இடங்களில் எல்லாம் நிறுத்தி, அதைச் செய்தவர் நீங்கள் என்றால் "நான்" என்று எழுதுங்கள். "நான் அவனைப் பிடித்தேன்" என்று எழுதியதும், அப்போது அவன் முகம் எப்படி இருந்தது, உங்கள் கை நடுங்கியதா என்ற அடுத்த வாக்கியம் தானாக வந்து நிற்கும்.

இதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த முன்னோடி, உங்கள் துறையிலிருந்தே வந்தவர். ஜோர்ஜ் ஓர்வெல் என்று உலகம் அறிந்த எரிக் பிளேயர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரித்தானியப் பேரரசின் பொலிஸ் அதிகாரியாக இருந்தார். ஒரு தூக்குத்தண்டனையைப் பற்றி 1931இல் அவர் எழுதிய கட்டுரையில், தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்படும் கைதி வழியில் கிடந்த சிறு தண்ணீர்க் குட்டையில் கால் படாமல் விலகி நடக்கிறான். இன்னும் சில நிமிடங்களில் சாகப்போகிற மனிதன் கால் நனையாமல் பார்த்துக்கொள்கிறான். உயிருள்ள ஒருவனைக் கொல்வது என்றால் என்ன என்பது அந்தக் கணத்தில்தான் சொல்பவருக்கு உறைக்கிறது. எந்தச் சிறைச்சாலைப் பதிவேட்டிலும் அந்தத் தண்ணீர்க் குட்டைக்கு இடம் இருந்திருக்காது. அந்தத் தாய் சொன்ன, மகன் சாப்பிடாமற்போன காலைப்பொழுதும் அப்படிப்பட்டதுதான்.

ஓர்வெலின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று அம்பாறைக்காரரான உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். மதம் பிடித்து ஒரு மனிதனைக் கொன்ற யானை, அமைதியாகிப் புல் மேய்ந்துகொண்டு நிற்கிறது. சுட வேண்டிய தேவை இல்லை என்று துப்பாக்கியோடு நிற்கும் பொலிஸ் அதிகாரிக்கே தெரிகிறது. ஆயினும் பின்னால் திரண்டு நிற்கும் சனம் எதிர்பார்க்கிறது என்பதற்காக, அவர்கள் முன்னால் கேலிக்குரியவனாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் சுடுகிறார். யானை மனிதனைக் கொன்றிருந்ததால் சட்டப்படி அவர் செய்தது சரி. சட்டப்படி சரியாக இருந்த ஒன்றின் உள்ளே இருந்த கோழைத்தனத்தைத் தானே எடுத்துச் சொன்னதால்தான் அந்தக் கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. உங்கள் சேவைக்காலத்தில் சட்டப்படி சரியாகவும் மனதுக்குப் பிழையாகவும் நடந்த ஒன்றாவது இருக்கும். அதை எழுதும் அத்தியாயம் இல்லாமல் புத்தகத்தை முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விடயம்: தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுதியது. இதை நீங்கள் வேலை விபரமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அதைப் புத்தகத்தின் நடு என்று நினைக்கிறேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொன்ன பிறகும், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தங்கள் சொந்த வாக்குமூலத்தின் கீழ் ஒப்பமிட்ட மக்கள் கிழக்கில் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவன். போர்க்காலத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது என் தம்பியைக் கொண்டுபோனபோது, அம்மாவோடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நாங்கள் சொன்னவை, அந்தக் கொப்பியில் ஒன்பது வரிகளாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், வாசிக்கத் தெரியாது என்பதால் எண்ண மட்டுமே முடிந்தது. தம்பி மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அந்த ஒன்பது வரிகளில் அம்மாவின் பேச்சில் எது இருந்தது, எது விடப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசையின் மறுபக்கத்தில் இருந்த ஒருவர்தான் அதைச் சொல்ல முடியும். நீங்கள் அந்தப் பக்கத்தில் இருந்தவர்.

லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். வழக்கு விசாரிப்பதும் அவர் கடமைகளில் ஒன்று. ஒவ்வொரு நாளும் அலுவல் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் அவை அச்சாகவும் செய்தன. ஆனால் 1913இல் அவர் வெளியிட்ட நாவலில்தான், தங்கள் மேல் நடக்கும் வழக்கு தங்களுக்கு விளங்காத மொழியில் நடந்துகொண்டிருக்க, கூண்டில் திகைத்து நிற்கும் காட்டுக் கிராமத்து மனிதர்களை நாம் பார்க்கிறோம். ஆசனத்தில் இருந்த அதே மனிதர், எழுதும்போது கூண்டுக்குள் இறங்கிப் போனார். அதனால், வாக்குமூலம் சொன்னவர்களை மட்டக்களப்புத் தமிழிலேயே பேசவிடுங்கள், ஐயா. "இன்னும் வந்த இல்ல" என்றவரை "இதுவரை வீடு திரும்பவில்லை" என்று திருத்தி எழுதாதீர்கள். திருத்தி எழுதுவதை நீங்கள் 29 வருடங்கள் செய்துவிட்டீர்கள்.

நமது மக்கள் வாசிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். பொலிஸ்காரரிடமிருந்து இலக்கியம் வருமா என்ற சந்தேகத்துக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. தமிழகத்தின் காவல்துறை அதிகாரியான திலகவதி, "கல்மரம்" நாவலுக்காக 2005ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றார். ஜோசப் வாம்போ லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸில் கடமையில் இருந்தபோதே 1971இல் முதல் நாவலை வெளியிட்டார். ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கிறது. அதை நானும் நேராகவே சொல்கிறேன். பொலிஸ் வாசலில் பிள்ளையின் படத்தோடு நின்று களைத்த தாய்மார் வாழும் மண் இது. 1990 ஜூனில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதும் இதே கிழக்கில்தான். காக்கிச் சட்டையைப் பார்த்துப் பயந்தவர்களும், காக்கிச் சட்டை போட்ட மகனை இழந்தவர்களும் உங்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கக்கூடும். துறையைக் காப்பாற்றுவதற்காக எழுதினால் முதற்கூட்டம் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடும். கைதட்டலுக்காகத் துறையைத் திட்டி எழுதினால் இரண்டாவது கூட்டம் மூடிவைக்கும். விபூதி நாராயண் ராய் என்ற இந்தியப் பொலிஸ் அதிகாரி, 1987இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாஷிம்புராவில் முஸ்லிம் இளைஞர்களை ஆயுதப் பொலிஸார் கொண்டுபோய்ச் சுட்டபோது பக்கத்து மாவட்டத்தின் பொலிஸ் அத்தியட்சகராக இருந்தவர். அன்றிரவு தான் கண்டதையும் தன் துறை நடந்துகொண்ட விதத்தையும் பல வருடங்கள் கழித்துப் புத்தகமாக எழுதினார். பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பொலிஸ்காரரின் புத்தகத்தை நம்பக்கூடிய வழி அதுதான்: கண்ட இடத்தில் நின்று, கண்ட அளவுக்குச் சொல்வது.

பெயர்களைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: போடாதீர்கள். ஒருவரின் வாழ்க்கையிலேயே மிக மோசமான நாளில் அவர் உங்களிடம் வந்தது, வேறு போக்கிடம் இல்லாததால்தான். புத்தகத்துக்காக அவர் எதையும் சொல்லவில்லை. சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டாலும் நட்டஈட்டு வழக்குப் போடலாம். அதில் "நான் எழுதியது உண்மை" என்பது மட்டும் நமது நாட்டில் போதுமான பதில் அல்ல, அதை வெளியிடுவதில் பொது நன்மை இருந்ததையும் காட்ட வேண்டும். 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டத்தையும் ஓய்வு பெற்றவர் மறந்துவிட முடியாது. கடமைக் குறிப்பேடுகள் எவையேனும் வீட்டில் இருந்தால், அவற்றிலிருந்து பிரதிபண்ணாமல் ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணி முழுவதையும் வாசிக்கட்டும்.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். ஓர்வெலின் பர்மா நாவல் 1934இல் முதலில் அமெரிக்காவிலேதான் வெளிவந்தது. ஆட்களை அடையாளம் கண்டு வழக்குப் போடுவார்கள் என்று இங்கிலாந்தின் பதிப்பாளர் அஞ்சியதால், பெயர்களை மாற்றிய பிறகே அடுத்த ஆண்டு அங்கே அச்சானது. பர்மா பெரிய நாடு. நமது ஊர்களோ குறிச்சி, குடி, கோயில், பள்ளி என்று சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஊர்கள். ஆகவே ஊரையும், தொழிலையும், பிள்ளைகளின் எண்ணிக்கையையும்கூட மாற்ற வேண்டி வரும். மாற்றக் கூடாதது அவர்கள் பேசிய பேச்சு ஒன்றைத்தான்.

நாவலா, சுயசரிதையா என்றால், இரண்டும் வேண்டாம் என்பேன். நாவலில் உங்களை ஒளித்துக்கொள்ள இடம் கிடைத்துவிடும். சுயசரிதையில் இடமாற்றமும் பதவி உயர்வும் பாதிப் பக்கங்களைத் தின்றுவிடும். உங்கள் மேசைக்கு முன்னால் இருந்த ஒருவருக்கு ஒரு கட்டுரை என்று, ஐந்தாறு பக்கங்களில், இருபது கட்டுரைகள் எழுதினால் அது ஒரு நல்ல புத்தகம். அச்சு வேலைகளைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டியதில்லை. சர்வதேச நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம், முதற்பதிப்புக்கு முந்நூறு பிரதிகள் போதும்.

முதற் கட்டுரையை அந்தத் தாயைப் பற்றி எழுதுங்கள். அவர் கேட்டதை ஏன் எழுதவில்லை என்பதையும், எழுத இடம் இல்லை என்று மட்டும் சொல்லாமல், அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று தேடி எழுதுங்கள். எழுதி முடித்ததும், அவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் போய்ப் பாருங்கள். சீருடை இல்லாமல், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே வாசித்துக் காட்டி, இதைப் புத்தகத்தில் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கங்களை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.