முகட்டில் லைடார் குறைவாகக் காட்டுவது ஏன்?

மலை முகட்டில் வைத்த லைடார் (லேசர் கற்றைகளை மேலே கூம்பாக அனுப்பிக் காற்றை அளக்கும் கருவி), 100 மீட்டர் உயரத்தில் கோபுரத்து அனிமோமீட்டரைவிட (காற்றுவேகமானி) காற்றின் வேகத்தை 6% குறைவாகக் காட்டுகிறது, கூம்புக் கோணத்தை, அதாவது கற்றைகள் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, சுருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பயன் இருக்காது.

28 பாகைக் கோணத்தில், அந்த உயரத்தில் கற்றைகள் சுமார் 106 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தொடுகின்றன. வட்டம் முழுக்க ஒரே காற்று என்று கருவி கணக்கிடுகிறது. முகட்டிலோ எதிர்க்காற்றுப் பக்கம் காற்று ஏறும், மறுபக்கம் இறங்கும். அந்தச் செங்குத்து வேறுபாடு கிடைவேகத்தைத் தின்றுவிடும். கோணத்தைக் குறைத்தால் வட்டம் சிறுக்கும். ஆனால் செங்குத்துக் காற்றின் பங்கு அதே அளவுக்குக் கூடும், பிழை ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

முதலில் கருவியின் சாய்வையும், கோபுரமே காற்றை மறைத்து அனிமோமீட்டரைப் பாதிக்கும் (கோபுர நிழல்) திசைகளையும் சரிபார்த்து, சாய்வைச் சரிசெய்து, அந்தத் திசைகளின் தரவை நீக்குங்கள். பிறகு அந்த நிலப்பரப்பின் காற்றோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியை ஓட்டி, காற்றுத் திசைக்கு ஒரு திருத்தக் காரணியாக, ஒவ்வொரு உயரத்துக்கும் தனித்தனியே எடுங்கள். அதைச் சராசரி வேகத்துக்கு மட்டும் போடுங்கள். கொந்தளிப்பு அளவுக்கு அது பொருந்தாது. இடம் மாற்ற வாய்ப்பிருந்தால், வளைவு குறைந்த சமதளமே நல்லது.