மகளிர் குழுக் கடன் என்றால் என்ன? அடமானம் இல்லாமல் வங்கி எப்படித் தருகிறது?

அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்திலிருந்து இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் சேமித்து, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கியிலும் கடன் பெறுவதுதான் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது.

சரி, நகையோ பத்திரமோ இல்லாமல் எதை நம்பித் தருகிறார்கள்? ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களின் அடுத்த கடன் நின்றுபோகும். நம் டெல்டா வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான். தலைமடைக்காரர் நேரத்துக்கு மடையை அடைக்காவிட்டால் கடைமடை காயும், ஊரே கேட்கும். (அந்தக் கேள்வி சில குழுக்களில் அவமானப்படுத்தும் அளவுக்குப் போகிறது, அது தப்பு.)

நடவு முடிந்து அறுப்பு வரும்வரை கூலி வேலை குறைந்திருக்கும் மாதங்களில் கந்துவட்டிக்குப் போகாமல் சமாளிக்க இந்தப் பணம் உதவும். ஆனால் என்னைக் கேட்டால் கடனைவிடக் கணக்குப் பயிற்சிதான் பெரிது. 10,000 ரூபாயை மாதம் 2 வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 அசலாகப் பத்து மாதத்தில் அடைக்கிறீர்கள் என்று வையுங்கள்: கடைசிவரை முழுத்தொகைக்கே வட்டி போட்டால் 2,000 போகும், மீதி அசலுக்கு மட்டும் போட்டால் 1,100தான். இது தெரிந்தவர்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

அப்புறம், வாராவாரம் வாசலில் வசூலுக்கு வரும் தனியார் நிறுவனக் குழுக்கடனையும் இதையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள்; அங்கே உறுப்பினர்களுக்குச் சொந்தமான பொதுச் சேமிப்பு கிடையாது, வட்டியும் பெரும்பாலும் அதிகம்.