ஜோடி விறைத்து நின்றால் கொத்தே காயெஷியில் ஏன் விழுவதில்லை?

கொத்தே காயெஷி என்பது எதிராளியின் மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி அவரை விழவைக்கும் பூட்டு. அதில் மணிக்கட்டை இன்னும் பலமாக முறுக்கிப் பயனில்லை. முதலில் ஆளை நிலைகுலைய வையுங்கள், அப்புறம்தான் பூட்டு. 'வகுப்பில் சொல்லி வைத்துச் செய்தால் விழுகிறார், விறைத்து நின்றால் கை மட்டும்தான் திரும்புகிறது' என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாக நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று முறுக்குகிறீர்கள். அவர் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால், நீங்கள் மல்லுக்கட்டுவது அவர் மொத்த உடம்போடு.

ஒரு சோதனை:

1. ஜோடியைப் பாதி பலத்தில் எதிர்க்கச் சொல்லுங்கள். அவர் கையை உங்கள் தொப்புளுக்கு நேராக வைத்துக்கொண்டு, ஒரு காலை வட்டமாகப் பின்னால் எடுத்து வையுங்கள்.

2. அவர் குதிகாலைப் பாருங்கள். அது தரையை விட்டு எழும்பும் நொடியில் அவர் விரல்களை மடக்கி வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். எழும்பவில்லையா, திருப்பவே வேண்டாம்.

ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவில் இந்தப் பூட்டுக்கு முன்னால் பெரும்பாலும் முகத்துக்கோ விலாவுக்கோ ஒரு அடி விழும். 'அதெமி' என்பார்கள். ஆள் தடுமாறும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அது. இன்றைய வகுப்புகள் பலவற்றில் அடியைக் கழற்றிவிட்டுப் பூட்டை மட்டும் சொல்லித்தருகிறார்கள், அதுதான் கோளாறு. 1882-இல் கோடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, நிலைகுலைத்தலைத் (குஸுஷி) தனிப் பாடமாகவே ஆக்கினார். ஜூடோ போட்டியிலோ முழங்கைப் பூட்டுக்கு மட்டுமே அனுமதி, மணிக்கட்டுக்கு இல்லை.

ஒன்று: வெடுக்கென்று திருப்பாதீர்கள். மணிக்கட்டு சின்ன மூட்டு, வலி தெரிந்து, 'போதும்' என்று கையால் தட்டுவதற்குள் தசைநார் பிசகிவிடும். விழப் பழகாதவரிடம் இதைச் செய்தே பார்க்காதீர்கள்.